ஆல்ஃபி பர்ன்: மதுக்கடை முதலாளி, கவுன்சிலர், டப்ளின் மேயர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் உள்ளூர் அரசியலைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஆளின் வாழ்க்கையைப் படிக்கச் சொன்னால், நான் ஆல்ஃபி பர்னைத்தான் கைகாட்டுவேன். அவர் பிரதமராகவோ அமைச்சராகவோ இருந்ததில்லை. பெரிய சட்டம் எதுவும் அவர் பெயரில் இல்லை. ஆனாலும் டப்ளின் நகரம் அவரைப் பத்து முறை மேயராக ஏற்றுக்கொண்டது. ஒரு கடைக்காரர் எப்படிக் கவுன்சிலர் ஆனார், கவுன்சிலரால் உண்மையில் என்ன செய்ய முடிந்தது, என்ன முடியாமல் போனது என்பதெல்லாம் அவர் கதையில் இருக்கிறது. அயர்லாந்தில் குடியேறி, உள்ளூர்த் தேர்தலில் முதல்முறை வாக்களிக்கப்போகிறவர்கள் கேட்கும் சில கேள்விகளையும் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.

ஆல்ஃபி பர்ன் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

முழுப்பெயர் ஆல்ஃபிரட் பர்ன். பிறந்தது 1882 மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாள் அன்று. இறந்தது 1956 மார்ச் 13. டால்பட் தெருவில் மதுக்கடை நடத்தியவர். டப்ளின் மாநகராட்சி உறுப்பினர், லண்டன் நாடாளுமன்ற உறுப்பினர், சுதந்திர அயர்லாந்தின் கீழவையான டாயில் உறுப்பினர், நடுவில் சில ஆண்டுகள் மேலவை உறுப்பினர் என்று எல்லாப் படிகளிலும் ஏறியிருக்கிறார். 1930 முதல் 1939 வரை தொடர்ந்து ஒன்பது முறை டப்ளின் லார்ட் மேயர். பிறகு 1954-இல் மீண்டும் ஒரு முறை.

அவர் வளர்ந்த டப்ளின் எப்படி இருந்தது?

மோசமாக இருந்தது என்று சொன்னால் போதாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சீவில் பிளேஸ் என்ற இடத்தில் பர்ன் குடும்பம் இருந்தது. குழந்தைகள் ஏழு பேர், இவர் இரண்டாவது. அவர்களைச் சுற்றி இருந்த நகரத்தில், ஒரு காலத்தில் பிரபுக்கள் வாழ்ந்த பெரிய பெரிய வீடுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு ஏழைகளுக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தன. 1911 கணக்கெடுப்புக் காலத்தில் சுமார் 26,000 குடும்பங்கள் அப்படிப்பட்ட வீடுகளில் இருந்தன. அதில் ஏறக்குறைய 20,000 குடும்பங்களுக்கு ஒரே ஒரு அறைதான். சமையல், தூக்கம், பிரசவம், சாவு எல்லாம் அதே அறையில்.

1913 செப்டம்பரில் சர்ச் தெருவில் இப்படிப்பட்ட இரண்டு வீடுகள் இடிந்து விழுந்து 7 பேர் செத்தார்கள். அடுத்து நடந்த அரசு விசாரணையில், இந்தக் குடியிருப்புகளுக்குச் சொந்தக்காரர்களில் மாநகராட்சி உறுப்பினர்களே சிலர் இருந்தது வெளிவந்தது. கண்காணிக்க வேண்டியவரே வாடகை வாங்குகிறவராக இருந்தால் வீடு எப்படிப் பழுது பார்க்கப்படும்? பர்ன் மாநகராட்சியில் காலூன்றியது இந்தக் காலத்தில்தான். 1914-இல் அவர் ஆல்டர்மன், அதாவது மூத்த உறுப்பினர்.

பள்ளிப்படிப்பு இல்லாதவர் கடை முதலாளி ஆனது எப்படி?

13 வயதில் பள்ளியை விட்டுவிட்டார். சைக்கிள் பழுதுபார்க்கும் வேலை, பிறகு மளிகையும் மதுவும் சேர்த்து விற்கும் கடைகளில் உதவியாள் வேலை. அந்தக் கால டப்ளினில் மதுக்கடை உதவியாள் என்பது ஒரு முழுத் தொழில்பயிற்சி. கடையிலேயே தங்கி, பல ஆண்டுகள் குறைந்த கூலிக்கு உழைத்து, சரக்கு வாங்குவது, கணக்கு, கடன் கொடுப்பது, குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவரை வெளியே அனுப்புவது என்று எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டும். சேமித்த பணத்தில் சொந்தக் கடை வைப்பதுதான் ஒவ்வொரு உதவியாளின் கனவும். பர்னுக்கு அது இளம் வயதிலேயே நிறைவேறியது. டால்பட் தெரு ரயில் நிலையத்துக்கும் நகரின் பிரதான வீதிக்கும் நடுவில் இருக்கிறது. ஆள் நடமாட்டத்துக்குக் குறைவே இல்லாத இடம்.

மதுக்கடைக்காரர்கள் ஏன் அவ்வளவு பேர் மாநகராட்சிக்குள் வந்தார்கள்?

இந்தக் கேள்வியைப் பலர் கேலியாகக் கேட்கிறார்கள். குடி வித்தவன் ஊரை ஆண்டான் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை.

ஒரு பழைய டப்ளின் மதுக்கடையின் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவருக்கு அந்தத் தெருவின் நிலவரம் முழுவதும் தெரியும். துறைமுகத்தில் இந்த வாரம் யாருக்கு வேலை கிடைக்கவில்லை, எந்த வீட்டில் நோய், யார் வாடகை பாக்கி, யார் மகன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டான் என்பதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கடன் கொடுத்தவருக்கு ஒரு மரியாதையும் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் மனு எழுதித் தரச் சொல்லி வருவார்கள். சாவு வீட்டுக்கு முதலில் போய் நிற்பவரும் அவராக இருப்பார். தேர்தல் வரும்போது அந்த ஆளுக்குத் தனியாக அறிமுகம் தேவைப்படாது. கூட்டம் நடத்த இடமும் சொந்தமாகவே இருக்கிறது.

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. கவுன்சிலருக்கு அப்போது சம்பளம் இல்லை. பகல் நேரத்தில் மாநகராட்சிக் கூட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் கூலித் தொழிலாளியால் முடியாது, அன்றைய கூலி போய்விடும். கடையை உதவியாள் பார்த்துக்கொள்வார் என்று கிளம்பக்கூடியவர் முதலாளிதான். அதனால் ஏழைகள் நிறைந்த வார்டுகளுக்கும் பிரதிநிதியாகக் கடைக்காரரே போனார். இதில் அநியாயமும் இருந்தது. ஆனால் பர்ன் மாதிரி ஒருவர் உருவானதும் இதனால்தான்.

லண்டன் நாடாளுமன்றத்தில் அவர் என்ன செய்தார்?

1915 அக்டோபரில் நடந்த டப்ளின் துறைமுகத் தொகுதி இடைத்தேர்தலில் தேசியவாத வேட்பாளராக வென்று வெஸ்ட்மின்ஸ்டர் போனார். ஆறே மாதத்தில், 1916 ஏப்ரலில், டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஈஸ்டர் கிளர்ச்சி வெடித்தது. அவர் சார்ந்திருந்த மிதவாத அரசியல் ஆயுதக் கிளர்ச்சியை ஏற்கவில்லை. ஆனால் தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டபோது பர்ன் ஒதுங்கி நிற்கவில்லை. வேல்ஸில் உள்ள ஃப்ரோங்கோக் முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர்களை நேரில் போய்ப் பார்த்தார். அவர்கள் நிலைமை பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பினார்.

கொள்கையில் தன்னோடு சேராதவர்களுக்காக ஒருவர் இப்படி அலைவது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த முகாமில் இருந்தவர்கள் அவர் தொகுதியின் பையன்கள், அவர் தெருவின் பிள்ளைகள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்படியிருந்தும் 1918-இல் தோற்றது ஏன்?

நாட்டின் காற்றே திசை மாறிவிட்டது. 1918 டிசம்பர் பொதுத்தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73-ஐ முழுச் சுதந்திரம் கேட்ட சின் ஃபெயின் கட்சி பிடித்தது. பழைய தேசியவாதக் கட்சி 6 இடங்களோடு நின்றது. பர்னைத் தோற்கடித்தவர் ஃபிலிப் ஷனஹன். அவரும் மதுக்கடை நடத்தியவர்தான், ஈஸ்டர் கிளர்ச்சியில் கலந்துகொண்டவர்.

தோற்றவர் எப்படி மீண்டு வந்தார்?

இங்கேதான் தேர்தல் முறை பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அயர்லாந்து அரசியலே புரியாது.

1918 தேர்தல் நமக்குப் பழக்கமான முறையில் நடந்தது: யாருக்கு வாக்கு அதிகமோ அவர் வெற்றி. 1920 உள்ளூர்த் தேர்தலில் இருந்து அயர்லாந்தில் வேறு முறை வந்துவிட்டது. ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள். வாக்காளர் தன் விருப்பத்தை 1, 2, 3 என்று வரிசையாக எழுதுவார். முதல் விருப்பம் பெற்றவர் தேவைக்கு மேல் வாக்கு வாங்கிவிட்டாலும், அல்லது போட்டியிலிருந்து விழுந்துவிட்டாலும், அந்த வாக்கு அடுத்த விருப்பத்துக்கு நகரும். இன்றுவரை இதுதான் நடைமுறை.

இந்த முறையில் கட்சி இல்லாதவருக்கும் வாழ்வு உண்டு. ஒரு தெருவில் பத்துப் பேர் வெவ்வேறு கட்சிக்காரர்களாக இருக்கலாம். ஆனால் அந்தப் பத்துப் பேரும் ‘நம்ம ஆல்ஃபிக்கு ஒரு இரண்டாம் வாக்கு’ என்று எழுதினால் அவர் கரை சேர்ந்துவிடுவார். பர்னுக்கோ முதல் வாக்குகளே தாராளமாக விழுந்தன. 1922-இல், அயர்லாந்துக்குச் சொந்த அரசு கிடைக்கப் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை ஆதரிக்கும் சுயேச்சையாக நின்று டாயிலுக்குத் தேர்வானார். 1928-இல் மேலவைக்குப் போனார், 1931-இல் அதை விட்டார். 1932 முதல் சாகும்வரை மறுபடியும் டாயிலில். எந்தக் கட்சியிலும் சேராமலே இவ்வளவும் நடந்தது. சபையில் பெரும்பாலும் பழமைவாதப் பக்கம் சாய்ந்தார், அந்த ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் தொடங்கிய ஃபியனா ஃபாயில் கட்சியோடு ஒத்துப்போகவில்லை.

1924 முதல் 1930 வரை டப்ளினுக்கு மேயரே இல்லையாமே, உண்மையா?

உண்மை. 1924 மே மாதம் அரசு டப்ளின் மாநகராட்சியைக் கலைத்துவிட்டது. நிர்வாகம் சரியில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த ஒப்பந்தம் கிளப்பிய உள்நாட்டுப் போர் முடிந்த சூட்டில், எதிர்ப்புக் குரல் எழுப்பும் ஒரு சபையைப் புதிய அரசு விரும்பவில்லை என்பதும் காரணம். ஆறு ஆண்டுகள் அரசு நியமித்த மூன்று ஆணையர்கள் நகரத்தை நடத்தினார்கள்.

1930-இல் சபை திரும்ப வந்தது. ஆனால் பழைய சபை இல்லை. மொத்தம் 35 உறுப்பினர்கள். அதில் 5 பேரை வணிக நிறுவனங்கள் மட்டும் தனிப் பட்டியலில் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தன. வியாபாரத்துக்கென்றே தனி நாற்காலிகள்! அந்த ஏற்பாடு சில ஆண்டுகளில் ஒழிந்தது. 1935-இல்தான் உள்ளூர்த் தேர்தலில் வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. அதுவரை வீட்டு வரி கட்டுகிறவர், வாடகைக்குக் குடியிருப்பவர் என்ற அடிப்படையில்தான் வாக்கு இருந்தது. பர்னிடம் உதவி கேட்டு வந்தவர்களில் பலருக்கு முதலில் அவருக்கு வாக்களிக்கும் உரிமையே இருந்திருக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்களா?

இல்லை. கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரை ஓர் ஆண்டுக்குத் தேர்ந்தெடுப்பார்கள். டப்ளினில் இன்றும் அப்படித்தான். அதனால் பர்ன் ஒன்பது ஆண்டுகள் நீடித்தார் என்றால், ஒன்பது முறை சக உறுப்பினர்களின் ஆதரவைத் திரட்டியிருக்கிறார் என்று பொருள். கட்சி இல்லாத ஒருவருக்கு இது லேசான காரியம் இல்லை. பெரிய கட்சிகள் ஒன்றுக்கொன்று பதவியை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லாதபோது, எல்லோருக்கும் சகிக்கக்கூடியவராக அவர் இருந்தார். அதோடு, அவரை எதிர்த்து வாக்களித்தால் தெருவில் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற கணக்கும் உறுப்பினர்களுக்கு இருந்திருக்கும்.

மேயருக்கு அதிகாரம் எவ்வளவு?

மிகக் குறைவு. 1930 சட்டத்தோடு டப்ளினுக்கு ‘நகர மேலாளர்’ என்ற பதவி வந்தது. முதல் மேலாளர் ஜெரால்ட் ஷெர்லாக். ஊழியர் நியமனம், ஒப்பந்தம், எந்தக் குடும்பத்துக்கு மாநகராட்சி வீடு என்ற முடிவு எல்லாம் அவர் கையில். கவுன்சிலர்களிடம் மிஞ்சியது வரவுசெலவுத் திட்டத்தை ஏற்பது, வரி விகிதம், உள்ளூர் விதிகள், கடன் வாங்க அனுமதி போன்றவை. ஊழலைத் தடுக்க இது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் மக்கள் வாக்களித்தது கவுன்சிலருக்கு, முடிவெடுத்தது அதிகாரி. அந்த இடைவெளி இன்றும் அயர்லாந்தில் இருக்கிறது. இன்றைய மேலாளருக்குப் ‘தலைமை நிர்வாகி’ என்று பெயர், அவ்வளவுதான்.

அதிகாரம் இல்லையென்றால் அவர் என்னதான் செய்தார்?

மக்களைச் சந்தித்தார். இது சாதாரணமாகத் தோன்றலாம், ஆனால் அவர் செய்த அளவு சாதாரணம் இல்லை.

மெழுகு தடவி முறுக்கிய மீசை, நீளக் கோட்டு, கோடு கலையாத உடுப்பு. அந்தக் கோலத்தில் சைக்கிளில் ஊரைச் சுற்றுவார். எதிரில் வருகிறவர் எல்லோரிடமும் கை குலுக்குவார். ‘டப்ளினின் குலுக்கும் கை’ என்றே அவருக்குப் பட்டப்பெயர். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். டாசன் தெருவில் உள்ள மேயர் மாளிகையான மேன்ஷன் ஹவுஸின் கதவை ஏழைகளுக்குத் திறந்துவிட்டார். வேலை, வீடு, நற்சான்றுக் கடிதம், சின்னக் கைமாற்று என்று ஆயிரக்கணக்கில் வந்த கடிதங்களுக்குப் பதில் போனது.

கைகுலுக்கலால் யார் வயிறு நிறைந்தது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் ஒரே அறையில் எட்டுப் பேரோடு வாழ்ந்த ஒரு பெண்மணியின் இடத்தில் நின்று பாருங்கள். ஆஸ்பத்திரியில், பள்ளியில், நிவாரண அலுவலகத்தில், போகும் இடமெல்லாம் அவரைக் காத்திருக்க வைத்தார்கள், சந்தேகத்தோடு பார்த்தார்கள். நகரத்தின் முதல் குடிமகன் ஒருவர் மட்டும் உட்காரச் சொல்லி, பெயரைக் கேட்டு, கடிதம் எழுதித் தருகிறார். அந்தக் கடிதத்தால் வீடு கிடைக்காமல் போகலாம். ஆனால் தன் குறையை ஒருவர் காது கொடுத்துக் கேட்டார் என்பது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை. ஏழைகளை அலட்சியப்படுத்தியே பழகிப்போன ஒரு நகரத்தில் அந்த மரியாதையும் ஒரு பொதுச்சேவைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டப்ளினின் வீட்டுப் பிரச்சினையை அவர் தீர்த்தாரா?

இல்லை. இதில் அவருக்குச் சேராத புகழைச் சேர்க்கக் கூடாது. 1930-களில் வீடுகள் எழும்பியதற்குக் காரணம் 1932 வீட்டுவசதிச் சட்டம் தந்த அரசு மானியமும், மாநகராட்சியின் வீட்டுவசதிக் கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் சிம்ஸின் உழைப்பும். 1932 முதல் 1948 வரை அந்தப் பொறுப்பில் இருந்த சிம்ஸின் காலத்தில் ஏறக்குறைய 17,000 வீடுகள் கட்டப்பட்டன. நகர மையத்தில் அவர் வடிவமைத்த அடுக்குமாடிகள் இன்றும் குடியிருப்புகளாக இருக்கின்றன. வளைந்த மூலைகளும் நடுவில் முற்றமுமாக, ஏழைகளுக்கும் அழகான வீடு வேண்டும் என்று நினைத்த ஒருவரின் கைவேலை அது. க்ரம்லின், காப்ரா போன்ற புறநகர்களும் அந்தக் காலத்தில் விரிந்தன.

மேயர் ஊர்வலத்தில் பர்ன் முகம் தெரிந்தது. வரைபடப் பலகையில் குனிந்திருந்த சிம்ஸின் முகம் யாருக்கும் தெரியாது. டப்ளினுக்கு இருவரும் தேவைப்பட்டார்கள். ஆனால் எது அதிகம் தேவை என்று கேட்டால் என் பதில் சிம்ஸ்தான்.

அவர் மேயராக இருந்த காலத்தின் பெரிய நிகழ்வு எது?

1932 ஜூனில் டப்ளினில் நடந்த, கத்தோலிக்கர்களின் உலக நற்கருணை மாநாடு. போப்பாண்டவரின் பிரதிநிதியாகக் கர்தினால் லொரென்சோ லவுரி வந்தார். பீனிக்ஸ் பூங்காவில் நடந்த நிறைவுத் திருப்பலிக்குச் சுமார் பத்து லட்சம் பேர் கூடினார்கள். பத்து ஆண்டுகளே ஆன சிறிய நாட்டுக்கு அது உலகத்தின் முன்னால் நிமிர்ந்து நின்ற தருணம். நகரத்தின் சார்பில் வரவேற்றவர் பர்ன். அடுத்து 1935-இல் அவர் வட அமெரிக்கப் பயணம் போனார். ஐரிஷ் வம்சாவளியினர் நிறைந்த நகரங்களில் அவருக்கு நல்ல வரவேற்பு கிடைத்தது.

நாட்டின் குடியரசுத் தலைவர் ஆகும் வாய்ப்பும் இருந்ததா?

பேச்சு இருந்தது. 1937 அரசியல் சட்டம் அந்தப் பதவியை உருவாக்கியதும், போட்டியிடக்கூடியவர்கள் என்று அடிபட்ட பெயர்களில் பர்னுடையதும் ஒன்று. கடைசியில் இரண்டு பெரிய கட்சிகளும் மொழி அறிஞர் டக்ளஸ் ஹைடை ஒருமனதாக ஏற்றுக்கொண்டன. 1938-இல் போட்டியின்றி ஹைட் பதவியேற்றார்.

1939-இல் மேயர் பதவி போனது எப்படி?

அந்த ஆண்டு சபை கேத்லீன் கிளார்க்கைத் தேர்ந்தெடுத்தது. டப்ளினின் முதல் பெண் லார்ட் மேயர் அவர்தான். 1916-இல் சுட்டுக் கொல்லப்பட்ட டாம் கிளார்க்கின் மனைவி. பதவிக்கு வந்ததும் மேன்ஷன் ஹவுஸில் தொங்கிய பிரிட்டிஷ் அரச குடும்பத்துப் படங்களை இறக்கச் செய்தார். ஒன்பது ஆண்டுகள் அந்தப் படங்களோடு பர்ன் குடியிருந்திருக்கிறார். இருவருக்கும் இருந்த வித்தியாசம் இதில் தெரிகிறது.

பர்ன் கவுன்சிலராகவும் டாயில் உறுப்பினராகவும் தொடர்ந்தார். 1954-இல் பத்தாவது முறையாக மேயர் சங்கிலியை அணிந்தார். 1955-இல் தொழிற்சங்கத் தலைவர் ஜிம் லார்கினின் மகன் டெனிஸ் லார்கின் அந்த இடத்துக்கு வந்தார். அடுத்த மார்ச்சில் பர்ன் காலமானார். ஈஸ்ட் வால் பக்கம் ஆல்ஃபி பர்ன் சாலை என்று கடலோரமாக ஒன்று உண்டு. டப்ளினில் இருப்பவர்கள் அதைக் கடந்திருப்பீர்கள்.

குடும்ப அரசியல் இருந்ததா?

நிறையவே. அவர் மகன்கள் மூன்று பேர் டாயில் உறுப்பினர்கள் ஆனார்கள். மூத்த மகன் ஆல்ஃபிரட் 1952-இல் இறந்தபோது அந்த இடைத்தேர்தலில் தாமஸ் வென்றார். தந்தை இறந்த இடத்துக்கு 1956-இல் பேட்ரிக் வந்தார். அயர்லாந்தில் தொகுதி பிள்ளைக்குப் போவது இன்றும் சகஜம். கவுன்சில் நாற்காலி காலியானால் அங்கே இடைத்தேர்தல்கூடக் கிடையாது. அதே கட்சி சொல்லும் ஆளைச் சபை இணைத்துக்கொள்ளும். அப்படி உள்ளே வருகிறவர் பல நேரம் உறவினராக இருக்கிறார். எனக்கு இது பிடிக்கவில்லை. தந்தை சம்பாதித்த நல்லெண்ணம் மகனின் தகுதி ஆகாது.

வியாபாரியே கவுன்சிலராக இருப்பது சரியா?

தடை கிடையாது. இன்றும் கவுன்சிலர்களில் கடைக்காரர்கள், விவசாயிகள், ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கேள்வி, அவர்கள் தொழிலும் ஓட்டும் எங்கே மோதுகின்றன என்பதுதான். 2001 உள்ளாட்சிச் சட்டப்படி ஒவ்வொரு உறுப்பினரும் தன் சொத்து, தொழில் விவரங்களை ஆண்டுதோறும் எழுதித் தர வேண்டும். தனக்கு லாபமோ நட்டமோ உள்ள விஷயம் விவாதத்துக்கு வந்தால் அதைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும்.

இந்த விதிகள் சும்மா வரவில்லை. விவசாய நிலத்தை வீட்டுமனையாக வகைமாற்றும் அதிகாரம் கவுன்சிலர்களிடம் இருந்தது. ஒரு வாக்கெடுப்பில் நிலத்தின் மதிப்பு பல மடங்கு ஏறிவிடும். 1990-களின் டப்ளினில் அந்த வாக்குகளுக்கு லஞ்சம் கைமாறியதை நீண்ட விசாரணை ஆணையம் ஒன்று அம்பலப்படுத்தியது. 1997-இல் தொடங்கிய அதன் இறுதி அறிக்கை 2012-இல்தான் வந்தது. கவுன்சிலர்களுக்குப் பணம் கொடுத்த இடைத்தரகர் ஃபிராங்க் டன்லப் 2009-இல் சிறைக்குப் போனார். பர்னின் கடிதங்களில் ஏழை ஒருவருக்கு வேலை கேட்ட பரிந்துரை இருந்தது. இங்கே பணக்காரர் ஒருவருக்கு மனை கேட்ட பரிந்துரை. இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் விதியைத் தாண்டி ஆளைப் பிடிக்கும் பழக்கம் ஊறிய இடத்தில் இரண்டாவது சுலபமாக நுழைந்துவிடுகிறது.

இன்று கவுன்சிலருக்குச் சம்பளம் உண்டா? அதே நேரம் டாயிலிலும் இருக்கலாமா?

2021-இல் திருத்தப்பட்டபோது ஆண்டுக்கு 25,000 யூரோவுக்குச் சற்று மேல் என்று வந்தது. படிகள் தனி. முழுநேர வேலையாக ஓடுகிறவருக்கு இது போதாது, அதனால்தான் சொந்தத் தொழில் உள்ளவர்களுக்கே இன்னும் வசதியாக இருக்கிறது. பர்னைப் போல ஒரே நேரத்தில் கவுன்சிலராகவும் டாயில் உறுப்பினராகவும் இருப்பதை 2003 சட்டம் நிறுத்திவிட்டது. 2014-இல் சிறு நகரங்களின் கவுன்சில்கள் எல்லாம் ஒழிக்கப்பட்டன. நாடு முழுவதும் இப்போது 31 உள்ளாட்சி மன்றங்கள், 949 கவுன்சிலர்கள். லிமெரிக்கில் மட்டும் 2024 ஜூனில் மக்கள் நேரடியாக ஒரு மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள், ஜான் மோரன். அவருக்கு நிர்வாக அதிகாரம் உண்டு.

ஐரிஷ் குடியுரிமை இல்லாத நாங்கள் வாக்களிக்கலாமா, போட்டியிடலாமா?

இரண்டுமே முடியும். உள்ளூர்த் தேர்தலுக்குக் குடியுரிமை தேவையில்லை. 18 வயது, அயர்லாந்தில் வசிப்பு, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். வேலை விசாவில் இருப்பவர், மாணவர், அகதி என்ற பாகுபாடு கிடையாது. டாயில் தேர்தலுக்கு இது பொருந்தாது, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சுயேச்சையாக நிற்க 15 உள்ளூர் வாக்காளர்களின் கையொப்பம் அல்லது 100 யூரோ வைப்புத்தொகை போதும்.

நைஜீரியாவிலிருந்து 2000-இல் அடைக்கலம் தேடி வந்த ரோட்டிமி அடெபாரி 2004-இல் போர்ட்லீஷ் நகர கவுன்சிலர் ஆனார், 2007-இல் அந்த நகரின் மேயர். கேரளத்திலிருந்து வந்த பேபி பெரேப்பாடன் 2024-இல் தெற்கு டப்ளின் மாவட்ட மேயர் ஆனார். தமிழர்களும் டப்ளின், கார்க், கால்வே என்று பரவியிருக்கிறோம். தேர்தல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, அடுத்தது 2029-இல். முதல் வேலை, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது. இணையத்திலேயே செய்யலாம், உங்கள் உள்ளாட்சி மன்ற அலுவலகத்துக்கு நேரில் போயும் விண்ணப்பிக்கலாம். அப்புறம், வாக்குச்சீட்டில் ஒரே ஒரு பெயருக்கு எதிரே 1 என்று எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள். 2, 3, 4 என்று விருப்பம் உள்ளவரை எழுதுங்கள். கடைசி இடம் பல தொகுதிகளில் அந்த வாக்குகளால்தான் முடிவாகிறது.